பால்கனி உரம், ஆர்ஓ தண்ணீர், ஈபி பில்: கேட்டதும் சொன்னதும்

ஆறு வருடமாக எங்கள் வீட்டுக் காய்கறிக் கழிவு குப்பை வண்டிக்குப் போவதில்லை. அதைப் பார்த்துப் பலரும் கேட்டார்கள், எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அக்கா, ஃபிளாட்டில் பால்கனி மட்டும்தான். பக்கெட்டில் உரம் போட்டேன், பத்தாம் நாளே நாற்றம், வெள்ளைப் புழு வேறு. தூக்கிக் கொட்டு என்கிறார் மாமியார்.

கொட்டாதீர்கள். நாறுகிறது என்றால் ஈரம் கூடிப்போய்க் காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். வெள்ளரி, பூசணி, தர்பூசணித் தோலெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான், அதை அப்படியே மூடி வைத்தால் அழுகத்தான் செய்யும். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் ஒரு கிண்ணம், முடிந்தால் இரண்டு கிண்ணம் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ மேலே தூவுங்கள், பக்கெட்டின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். உள்ளிருந்து ஒரு கை அள்ளிப் பிழிந்து பாருங்கள்: ஒரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி, ஒழுகினால் நார்த்தூள் போதவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் புளித்த மோர் தெளித்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் மக்கும்.

புழு கடிக்காது, கழிவைத் தின்று உங்கள் வேலையைத்தான் செய்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தால் மேலே ஒரு அடுக்கு நார்த்தூள் போட்டு மூடிவிடுங்கள். மீன், கறி, சாம்பார் மிச்சம் எதுவும் முதல் பக்கெட்டில் வேண்டாம். இரண்டு மாதம், மழைக்காலமென்றால் மூன்று மாதம் ஆகும். கறுத்து, மழை பெய்த மண் மாதிரி மணத்தால் தயார். மாமியாரிடம் பத்து நாள் தவணை கேளுங்கள், நாற்றம் அதற்குள் அடங்கிவிடும்.

ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

போர் தண்ணீர் என்றால் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற உப்பெல்லாம் திரண்டு அந்தத் தண்ணீரில்தான் வருகிறது, துளசி நாலு மாதத்தில் கருகிவிடும். தரை துடைக்க, கழிவறையில் ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மெஷின் ஒரு லிட்டர் குடிநீருக்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளும், குழாயடியில் ஒரு பக்கெட் வைத்துப் பார்த்தால் வயிறு எரியும். அதைவிட முக்கியம், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை ஒருநாள் யாரிடமாவது இரவல் வாங்கி அளந்து பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதற்குக் கீழே இருந்தால் உப்பை எடுக்க ஆர்ஓ தேவையில்லை, கொதிக்கவைத்தோ யுவி (புற ஊதா) விளக்கு வைத்தோ கிருமியை மட்டும் கொன்றால் போதும்.

மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி எல்லாம் சேர்த்து ஒரு செட் 3,000 ரூபாய். வாங்கலாமா?

வேண்டாம். வீட்டில் இருக்கிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவும் என்ன பாவம் செய்தன? உடையும் வரை அதையே பயன்படுத்துங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை, ஆனாலும் கறிக்கடையில் கை தானாகக் கறுப்புக் கவரைத்தான் எடுக்கிறது. ஒரு மஞ்சப்பையை மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள், கறிக்கு மூடி போட்ட ஸ்டீல் டப்பா. டப்பாவை முதலில் எடை போட்டுக் கழிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

இரண்டு மாதக் கரண்ட் பில் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது அண்ணி, எதைக் குறைப்பது?

ஃபேனை. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். 500 தாண்டினால் மேலே ஓடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே 101 முதல் 200 வரைக்கும் விலை கூடிவிடும், அதனால்தான் பில் திடீரென்று எகிறுகிறது. ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

பழத்தோலைப் புளிக்கவைத்துச் செய்கிற துடைக்கும் திரவம், அதான் பயோ என்சைம், செய்ய அளவு?

வெல்லம் 1, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் 3, தண்ணீர் 10. மூன்று மாதம் ஊறவேண்டும். கண்ணாடி பாட்டிலில் மட்டும் போடாதீர்கள். நான் போட்டேன், நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அலமாரி முழுக்கச் சில்லும் தோலும். பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பங்கு காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். அப்புறம், இதை பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது, புளிப்பு பட்டால் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும்.