ஆலோசனை அறையில் ஒப்புதல், ரகசியம், கட்டணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சொந்தமாக உளவியல் ஆலோசனை மையம் நடத்துபவர்கள் கேட்டவை, ஆலோசனைக்குப் போகிறவர்கள் கேட்டவை இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துப் பதில் சொல்கிறேன். ஒருவர் கேட்பதை மற்றவரும் படிப்பது நல்லது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் ஊர் விதியை உங்கள் தொழில் சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சொந்தமாக மையம் தொடங்கப் போகிறேன் மேடம். ஆறு பக்கத்துக்கு ஒப்புதல் படிவம் தயார். முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்தானே?

போதாது. மனம் நொந்து வந்து உட்கார்ந்திருப்பவர் ஆறு பக்கத்தைப் படிக்க மாட்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. படிவத்தை இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, முடிந்தால் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். அப்புறம் நேரில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: உங்கள் படிப்பும் பயிற்சியும் என்ன, எந்த முறையில் வேலை செய்கிறீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஒரு அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, வராமல் போனால் என்ன ஆகும், பேசியது எங்கே போகும், எங்கே போகாது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ரகசியத்தைப் பற்றி நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “நீங்கள் இங்கே சொல்வது என்னோடு இருக்கும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்று தெரிந்தால், ஒரு குழந்தை கொடுமைப்படுத்தப்படுவது தெரிந்தால், நீதிமன்றம் உத்தரவிட்டால், அப்போது மட்டும் வெளியே பேச வேண்டி வரலாம். அப்படி வந்தாலும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்.” சொல்லி முடித்ததும், “இதில் உங்களுக்கு என்ன புரிந்தது?” என்று கேளுங்கள். “நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க” என்று மட்டும் பலர் திருப்பிச் சொல்வார்கள். விதிவிலக்கு அவர்கள் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். பொறுமையாக மறுபடி சொல்லுங்கள்.

உள்ளே வந்ததும் அழத் தொடங்குபவரிடம் படிவத்தை நீட்ட மனசு வராது. அழட்டும், காத்திருங்கள். ஆனால் விவரங்களுக்குள் போகும் முன் அந்தச் சில வரிகளையாவது சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு விதிவிலக்கைச் சொன்னால், தன்னைப் பேசவைத்து மாட்டிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பது நியாயமும்கூட.

கேள்வி: தற்கொலை எண்ணம் வருகிறது என்று கவுன்சலரிடம் சொன்னால் உடனே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவாரா? அந்தப் பயத்திலேயே போகாமல் இருக்கிறேன்.

போங்கள், சொல்லுங்கள். எண்ணம் வருகிறது என்பதும், இன்றே செய்யப் போகிறேன் என்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பிரித்து அறியத்தான் எங்களுக்குப் பயிற்சி. எண்ணம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதை உங்களோடு உட்கார்ந்து பேசுவோம், பாதுகாப்புக்கு ஒரு திட்டம் எழுதுவோம், நெருக்கடியில் யாரைக் கூப்பிடலாம் என்று உங்களையே கேட்போம். உடனடி ஆபத்து இருந்தால்தான் வெளியே பேசுவோம். அப்போதும் உங்களைக் காப்பாற்ற எவ்வளவு தேவையோ அவ்வளவே. உங்கள் கல்யாணக் கதையோ சிறுவயதுக் கதையோ அதில் வராது. முதல் நாளே, “எந்தக் கட்டத்தில் நீங்கள் வெளியே சொல்வீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். நல்ல ஆலோசகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே எண்ணம் கடுமையாக இருந்தால், அமர்வுக்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்னொருவரைக் கொல்லப் போவதாக ஒருவர் சொன்னால், போலீசுக்கு மட்டும் சொன்னால் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு மாணவர், தான் விரும்பிய டாட்டியானா டாராசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப் போவதாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களிடம் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ வீட்டாரிடமோ யாரும் எதுவும் சொல்லவில்லை. 1969-இல் அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா ஊரிலும் இதே விதி இல்லை. சில இடங்களில் கட்டாயம், சில இடங்களில் அனுமதி மட்டும். உங்கள் ஊரில் எது என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சட்டப் புத்தகத்தைப் புரட்ட முடியாது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பணம் கட்டுவது நான். உள்ளே என்ன பேசினான் என்று கேட்டால் கவுன்சலர் சொல்ல மறுக்கிறார். தாய்க்கு அந்த உரிமை இல்லையா?

உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. பல நாடுகளில் சட்டப்படி உங்களுக்கு ஓரளவு உரிமை உண்டு. ஆனால் பேசுவதெல்லாம் அம்மாவுக்குப் போய்விடும் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் வாயைத் திறக்க மாட்டான். அப்புறம் நீங்கள் கட்டும் பணத்துக்கும் பலன் இருக்காது. நீங்கள், மகன், ஆலோசகர் மூவரும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பேசி முடியுங்கள். உயிருக்கு ஆபத்தான எதையும் உங்களுக்குச் சொல்வார்கள். தேர்வு பயம், நட்பில் மனஸ்தாபம் போன்றவை அவனோடு இருக்கட்டும். எப்படி முன்னேறுகிறான், வீட்டில் நீங்கள் எதை மாற்றலாம் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும். இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்யாமல் விட்டது ஆலோசகரின் குறை, உங்களுடையது அல்ல.

கேள்வி: தம்பதிகளுக்கு ஆலோசனை தருகிறேன். தனியாகப் பேசும்போது கணவர் தனக்கு வேறு உறவு இருப்பதைச் சொல்லி, மனைவியிடம் சொல்லாதீர்கள் என்கிறார். என்ன செய்வது?

இதற்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். இரண்டு வழி உண்டு. தனியாகச் சொன்னது தனியாகவே இருக்கும் என்பது ஒன்று. இருவருக்கும் இடையே நான் எந்த ரகசியத்தையும் சுமக்க மாட்டேன் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஒருவர் ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுநிலையாக இருக்க முடியாது. எந்த வழியானாலும் முதல் அமர்வில் இருவர் முன்னிலையிலும் அதைச் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். இப்போது அப்படி எதுவும் இல்லை என்றால், நீங்களாகப் போய் மனைவியிடம் சொல்லாதீர்கள். கணவரிடம் தனியாகப் பேசி, அவரே சொல்வதற்கு உதவி செய்யுங்கள், கால அவகாசமும் கொடுங்கள். அவர் மறுத்தால், காரணத்தைச் சொல்லாமல் தம்பதி சிகிச்சையை நிறுத்தி, இருவரையும் வேறு வேறு ஆலோசகர்களிடம் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: குறிப்புகளை லேப்டாப்பில்தான் வைத்திருக்கிறேன். சின்ன மையம்தானே, யார் திருடப் போகிறார்கள்?

ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனம் இருந்தது. அதன் நோயாளிக் கோப்புகள் திருடப்பட்டது 2020-இல் வெளியே தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 30,000 பேருக்கும் மேல். நிறுவனத்திடம் கேட்ட பணம் வராததால், திருடியவன் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பினான்: 200 யூரோவை பிட்காயினில் கட்டு, இல்லையென்றால் நீ சிகிச்சையில் பேசியதை வெளியிடுவேன். அடுத்த ஆண்டு நிறுவனம் திவாலானது. குற்றவாளிக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த மனிதர்கள் நம்பிச் சொன்னதை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

லேப்டாப்பை என்கிரிப்ட் செய்யுங்கள் (கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது), இரண்டடுக்கு உள்நுழைவு வையுங்கள் (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது), வீட்டில் மற்றவர்கள் தொடும் கணினியில் வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், எழுதுவதைக் குறையுங்கள். தேதி, பேசிய பொருள், ஆபத்து மதிப்பீடு, அடுத்த திட்டம் இவை போதும். சிகிச்சைக்குத் தேவையில்லாத அந்தரங்க விவரத்தையும் மூன்றாம் மனிதர்களின் பெயரையும் எழுத வேண்டாம்.

ஹேக்கர் வராமலேயே கசியும் இடங்களும் உண்டு. “நாளைய கவுன்சலிங் செஷன் 5 மணிக்கு” என்று நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப், அவருடைய பூட்டிய போனின் திரையில் வீட்டார் கண்முன் பளிச்சென்று விழும். “நாளை 5 மணி உறுதி” போதும். ரிசப்ஷனில் முழுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது, ரசீதில் நோயின் பெயரை எழுதுவது, வங்கிக் கணக்கு விவரத்தில் மையத்தின் பெயர் தெரிவது, இதையெல்லாம் கவனியுங்கள். எந்த எண்ணில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்று வருபவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசி நேரத்தில் வராதவர்களிடம் கட்டணம் வாங்குவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே 1913-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தன் நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுவதால், வராவிட்டாலும் அதற்குக் கட்டணம் உண்டு என்பது அவருடைய ஏற்பாடு. அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் இல்லை என்பது பரவலான வழக்கம். சாவு, விபத்து, திடீர் நோய் என்றால் விட்டுவிடுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பின்னால் கூச்சத்துக்கு இடமில்லை. சொல்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று வாங்கினால் அவர் புண்படுவார். அந்தப் புண் சிகிச்சையைக் கெடுக்கும். கட்டணத்தை உயர்த்தும்போதும் அப்படித்தான், போதிய அவகாசம் கொடுத்துச் சொல்லுங்கள்.

பாக்கியைச் சேர விடாதீர்கள். இரண்டு அமர்வு கட்டாமல் போனாலே பேசிவிடுங்கள். வசூல் நிறுவனத்திடம் கொடுத்தால் இவர் என்னிடம் வந்தவர் என்பதை நீங்களே வெளியே சொல்வதாகிவிடும். அந்த வழிக்குப் போவதானால் முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்து, கட்ட வாய்ப்பும் கொடுக்க வேண்டும். அவசரச் சிகிச்சைக்குத் தேவையான கோப்பைப் பணம் கட்டவில்லை என்று பிடித்துவைக்கவே கூடாது.

கேள்வி: முழுக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு?

வாரத்தில் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கென்று ஒதுக்குங்கள். யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஒரே அளவுகோல் வையுங்கள், ஆளைப் பார்த்துக் குறைக்காதீர்கள். பணத்துக்குப் பதிலாக வீட்டு வேலை, கடை வேலை வாங்கிக்கொள்வது வேண்டாம்.

கேள்வி: விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் என் குறிப்புகளைக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

வக்கீல் கடிதம் நீதிமன்ற உத்தரவாகாது. ஆலோசனைக்கு வருபவர் உங்களிடம் வருகிறார் என்பதைக்கூட அந்த வக்கீலிடம் உறுதி செய்யாதீர்கள். கடிதம் வந்ததை ஆலோசனைக்கு வருபவரிடம் தெரிவியுங்கள், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். நீதிமன்றமே உத்தரவிட்டாலும், தேவையான பகுதி மட்டும் போதுமா என்று கேட்க வழி உண்டு. சிகிச்சையாளரிடம் பேசியதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 1996-இல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. உங்கள் ஊரில் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வக்கீல் சொல்வார்.

கேள்வி: இணையத்தில் என்னைப் பற்றி ஒருவர் மோசமாக எழுதியிருக்கிறார். பதில் போடலாமா?

வேண்டாம். “நீங்கள் மூன்று முறைதான் வந்தீர்கள்” என்று எழுதினாலே ரகசியம் உடைந்துவிட்டது. வலிக்கும், தெரியும். உங்கள் வேலையை வழிநடத்தும் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.

கேள்வி: என்னைப் பற்றி ஆலோசகர் எழுதியதை நான் பார்க்கலாமா?

பல நாடுகளில் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பிரதி தர வேண்டும். அமெரிக்காவில், சிகிச்சையாளர் தனியாக வைத்திருக்கும் சொந்தக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை மட்டும் கிடையாது. ஆலோசகரோடு உட்கார்ந்து படிப்பது நல்லது, சில வார்த்தைகள் தனியாகப் படித்தால் தைக்கும். ஆலோசகர் காட்டத் தயங்கினால், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு.