குளிர்காலம் எப்படி இருக்கும் என்று மூன்று மாதம் முன்பே சொல்வது சாத்தியமா, அல்லது ஏமாற்று வேலையா?

கேள்வியில் "ஏமாற்று வேலை" என்பதைப் படித்த பிறகு கடந்து போக மனம் வரவில்லை. இந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவன் நான். அதனால் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அக்டோபரிலோ நவம்பரிலோ யாரோ ஒருவர் சிவப்பு நிற வரைபடம் ஒன்றைக் காட்டி "இந்த முறை குளிர் குறைவு" என்றிருப்பார். அதை நம்பி ஏதோ திட்டம் போட்டிருப்பீர்கள். பிறகு கடுங்குளிர் வந்து எல்லாம் கெட்டிருக்கும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த வரைபடத்தை முதலில் தயாரித்தவர் என்ன எழுதியிருந்தார் என்பது உங்களிடம் வந்து சேர்ந்திருக்காது.

நேரடிப் பதில்: ஜனவரி 20 அன்று பனி பெய்யுமா என்று நவம்பரில் யாராலும் சொல்ல முடியாது. வளிமண்டலத்தின் இன்றைய நிலையில் நாம் கவனிக்காமல் விட்ட சின்ன வேறுபாடுகூடப் பெரிதாகிப் பெரிதாகி, இரண்டு வாரத்துக்குள் கணிப்பையே மாற்றிவிடும். அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1960களில் காட்டிய எல்லை இது. மூன்று மாத முன்னறிவிப்பு அந்த வேலையைச் செய்வதே இல்லை. வழக்கத்தைவிடக் குளிர், வழக்கம்போல, வழக்கத்தைவிட வெப்பம் என்று மூன்று பிரிவு. எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். கடலும் மேல்காற்றும் தரும் தகவலை வைத்து அதில் ஒன்று 45 அல்லது 50 ஆகிறது. அவ்வளவுதான் நாங்கள் சொல்வது.

எங்கிருந்து அந்தத் தகவல் வருகிறது? மெதுவாக மாறும் விஷயங்களிலிருந்து. பூமத்திய ரேகையை ஒட்டிய பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா நிலைகள் பல மாதம் நீடிக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே உயரத்தில் வீசும் காற்று சுமார் 28 மாதச் சுழற்சியில் கிழக்கும் மேற்குமாகத் திசை மாறும். எல்லாவற்றையும்விட என் மனதுக்கு நெருக்கமானது துருவச் சுழல். குளிர்காலத்தில் வட துருவத்தைச் சுற்றி, தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில், ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்காற்று அது. அது வலுவாக இருந்தால் குளிர் வடக்கே அடைபட்டுக் கிடக்கும். மலைகளும் நிலப்பரப்பும் எழுப்பும் ராட்சதக் காற்றலைகள் மேலே போய் அதில் மோதினால் சுழல் தளர்ந்துவிடும். துருவத்துக்கு மேலே காற்று கீழிறங்கி அழுத்தப்பட்டு, சில நாட்களில் 50 டிகிரி வரைகூடச் சூடாகும். 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற வானிலை அறிஞர் பலூன் அளவீடுகளில் இதை முதலில் கண்டார். மேலே நடக்கும் அந்தக் குலைவு, வாரக்கணக்கில் மெல்லக் கீழிறங்கி நம் வானிலையைத் தொடும்.

இனி என் கதை. 2017-18 குளிர்காலத்தில், ஐரோப்பிய எரிவாயு வணிகர்களுக்குப் பருவ முன்னறிவிப்பு தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். லா நினா ஆண்டு. அத்தகைய ஆண்டுகளின் பின்குளிர்காலத்தில் வட ஐரோப்பா சற்று மிதமாக இருப்பதற்கே சாய்வு உண்டு. அதை அப்படியே எழுதினேன். கூடவே ஒரு பத்தி: "துருவச் சுழல் உடைந்தால் இந்தச் சாய்வு செல்லாது. ஜனவரி கடைசியில் மறுபடி பார்க்க வேண்டும்." அறிக்கை விற்பனைப் பிரிவுக்குப் போனது. திரும்பி வந்தபோது சதவீதங்கள் இல்லை, அந்தப் பத்தி இல்லை. "மிதமான பிப்ரவரி" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. கேட்டதற்கு, வாடிக்கையாளர்கள் சதவீதத்தை விரும்புவதில்லை என்றார்கள்.

பிப்ரவரி 12 வாக்கில் சுழல் இரண்டாகப் பிளந்து, 30 கிலோமீட்டர் உயரத்துக் காற்று கிழக்கிலிருந்து வீச ஆரம்பித்தது. மாதக் கடைசியில் சைபீரியக் குளிர் ஐரோப்பா முழுவதும் பாய்ந்தது. 26ஆம் தேதி ரோம் நகரம் வெள்ளையாகக் கிடந்தது. மார்ச் 1 அன்று பிரிட்டனில் எரிவாயு போதாமல் போகலாம் என்று எச்சரிக்கையே விட்டார்கள். வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை யார் எடுத்தார்கள் தெரியுமா? தலைப்பு போட்டவர்கள் அல்ல. நானும் என் சக பணியாளரும்தான். பத்தியை நீக்கியது யார் என்று கடைசிவரை எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை.

இதைச் சொன்னால், "சுழல் உடைந்ததும் குளிர் வரும் என்று தெரியுமே, அப்போதாவது அடித்துச் சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர் வருவார். அவருக்கும் பதில் இருக்கிறது. 2019 ஜனவரி தொடக்கத்திலும் சுழல் உடைந்தது. அந்த மாதக் கடைசியில் சிகாகோவில் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டியது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி, பிரிட்டனின் குளிர்காலத்தில் அதுவரை காணாத வெப்பம்! சுழல் உடைவது ஒரு செய்தி. அதன் பலன் எந்தக் கண்டத்தில் விழும் என்பது வேறு செய்தி. சதவீதத்தை விட்டால் இதைச் சொல்ல நேர்மையான வழி வேறு கிடையாது.

பிரிட்டனின் தேசிய வானிலை அமைப்பே இதில் அடிபட்டது. 2009-10 குளிர்காலம் மிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள். வந்ததோ அங்கே முப்பது ஆண்டுகளில் காணாத குளிர். 2010 மார்ச்சில், பொதுமக்களுக்கான பருவ முன்னறிவிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். அது தவறான முடிவு என்பது என் கருத்து. மக்களுக்குச் சதவீதம் புரியாது என்று முடிவு கட்டியதுபோல ஆகிவிட்டது.

சம்பந்தமில்லாமல் ஒன்று. இந்தத் துறையில் அறிக்கை எழுதுபவர் பெயர் அறிக்கையில் வராது. பலித்தால் நிறுவனத்தின் வெற்றி, பலிக்காவிட்டால் மட்டும் "யார் எழுதியது?" என்ற கேள்வி வரும். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்ற கவலையோடு இரவு இரண்டு மணிக்குத் தரவு பார்க்கும் இளைஞர்களை எனக்குத் தெரியும். திறமையான இருவர் வெறுத்துப்போய் வேறு துறைக்குப் போய்விட்டார்கள். இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் கில்பர்ட் வாக்கர். பருவமழையைக் கணிக்க இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் கணித அறிஞர். 1913இல் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு உதவ வேண்டும் என்று கடிதம் எழுதியவரும் அவரே. பருவமழைக்கு விடை தேடி உலகெங்குமுள்ள காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டுக்கொண்டே போனவர், வட அட்லாண்டிக் அலைவையும் இனங்கண்டார். ஐஸ்லாந்துப் பக்கத் தாழ்வழுத்தத்துக்கும் அதற்குத் தெற்கே அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகள் பக்க உயரழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் கூடினால் வட ஐரோப்பாவுக்கு ஈரமான மிதமான மேற்குக் காற்று, குறைந்தால் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் குளிர். ஐரோப்பியக் குளிர்காலக் கணிப்பு இன்றும் அதைச் சுற்றியே நடக்கிறது. கணினி இல்லாத காலத்தில், வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்துச் செய்த வேலை. அதன் வாரிசுகளை ஏமாற்றுக்காரர்கள் என்றால் வலிக்காதா?

போலிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு வெப்பநிலை எண் காட்டும் செயலிகளை நம்பாதீர்கள். அடுத்த முறை ஒரு குளிர்கால முன்னறிவிப்பைப் பார்த்தால், மூன்று பிரிவுக்கும் சதவீதம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள். இருந்தால், 50 சதவீதம் மிதம் என்பதை "மீதி 50இல் கடுங்குளிரும் இருக்கிறது" என்று சேர்த்துப் படியுங்கள். நவம்பரில் படித்ததோடு நிற்காமல் டிசம்பர் கடைசியில் ஒருமுறை, ஜனவரி கடைசியில் ஒருமுறை புதிய அறிக்கையைத் தேடுங்கள். 60 டிகிரி வட அட்சரேகையில் 10 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் உள்ள உயரத்தில், அதாவது அந்த 30 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மேற்கிலிருந்து வீசுகிறதா, திசை மாறிவிட்டதா என்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மாறியிருந்தால், அடுத்த ஆறேழு வாரத்துக்கான திட்டங்களுக்கு மாற்று ஏற்பாடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.