மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா?

சென்ற இதழில் அமெச்சூர் வானொலிக் கழகங்கள் (அனுமதிப்பத்திரம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் 'ஹாம்'களின் கழகங்கள்) பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளுக்கே இந்த முறை இடம் போய்விட்டது. நானும் அப்படியொரு கழகத்தில் வெகுகாலமாக இருப்பவன், கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்தே எங்கள் ஊரில் ஒரு ஹாம் வானொலிக் கழகம் இருக்கிறது. ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் இருக்கும் காலத்தில் இவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள்? – வாசகர், ஹட்டன்

பெரும்பாலும் பெயர் கூப்பிடுகிறார்கள். கிண்டல் இல்லை, உண்மைதான். வாரத்தில் ஒரு குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசைக்கு வருவார்கள், இதற்கு 'நெட்' என்று பெயர். நடத்துகிறவர் ஒவ்வொரு அழைப்புக்குறியாக (ஹாம் ஒவ்வொருவருக்கும் உரிய அடையாளக் குறி) கூப்பிட, அந்த ஆள் எங்கிருந்து பேசுகிறார், கரண்டிலா பெட்டரியிலா, மற்றவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவார். பள்ளிக்கூடத்தில் இடாப்பு கூப்பிடுவதைப் போலச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாருடைய அன்டெனா நேற்றுக் காற்றில் விழுந்தது, எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஊருக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்பதெல்லாம் இதில்தான் தெரியவரும். கழகம் பல வருடம் நிலைத்திருப்பதற்கு நான் காணும் காரணம் இந்த நெட்தான், விழாவும் கேடயமும் இல்லை.

அப்புறம் வகுப்பு, பழைய ரேடியோவைத் திருத்துவது, தொலைதூர நாடுகளைப் பிடிக்கும் போட்டி, பேசியதற்குச் சாட்சியாக அனுப்பும் க்யூஎஸ்எல் அட்டை. நம் நாட்டு அழைப்புக்குறிகள் இப்போது 4எஸ்7 என்று தொடங்கும். வெள்ளைக்காரன் காலத்து அட்டை எங்காவது கிடைத்தால் பாருங்கள், விஎஸ்7 என்று இருக்கும்.

ஜூன் நாலாவது வார இறுதியில் வெட்டவெளியில் கூடாரம் போட்டு பெட்டரியில் நிலையம் நடத்தும் 'பீல்ட் டே'யும் உண்டு. அது அமெரிக்கக் கழகங்கள் 1933இல் தொடங்கிய வழக்கம், அவர்களுக்கு அது கோடை. ஹட்டனில் ஜூன் என்றால் தென்மேல் பருவமழை! ஊவாப் பக்கம் அப்போது வெயில், அங்கே வேண்டுமானால் செய்யலாம். நம் பக்கத்துக் கழகங்கள் பெப்ரவரிக்கு மாற்றிக்கொண்டால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

கேள்வி: கழக நண்பர் ஒருவர் கையடக்க ரேடியோவில் பேசிக் காட்டினார். மலை உச்சியில் நின்றபோது வெகுதூரம் கேட்டது. எங்கள் தோட்டத்துக்கு இறங்கியதும் அடுத்த டிவிஷனுக்குக்கூடக் கேட்கவில்லை. மெஷினில் கோளாறா? – வாசகர், பண்டாரவளை

மெஷின் நல்லாத்தான் இருக்கிறது, மலைதான் குறுக்கே நிற்கிறது. அந்தக் கையடக்கக் கருவி 144 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியில் வேலை செய்வது. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் ஒழுங்காகப் போய்ச்சேரும். உச்சியில் நின்றால் ராஜா, பள்ளத்துக்கு இறங்கினால் ஒன்றுமில்லை. இதற்காகத்தான் உயரமான இடத்தில் 'ரிப்பீட்டர்' வைப்பார்கள். அது ஒரு அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னொன்றில் பலமாகத் திருப்பிச் சொல்லும். நல்ல ஏற்பாடு, ஆனால் உச்சியில் கரண்ட் போனாலோ இடி விழுந்தாலோ அதுவும் போச்சு.

பள்ளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, மலையகத்து ஆட்கள் இதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பேன். 7 மெகாஹேர்ட்ஸில் பேசுங்கள், அன்டெனாவை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டுங்கள். மொத்தம் சுமார் 20 மீற்றர் கம்பி, நடுவில் பிரித்து இரு பக்கமும் பத்துப் பத்து மீற்றர், லயத்துக் கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கு நாலைந்து மீற்றர் உயரத்தில் இழுத்தால் போதும். இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது அலை பக்கவாட்டில் அதிகம் போகாமல் கிட்டத்தட்ட நேர் மேலே கிளம்பும், 250, 300 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அயனமண்டல அடுக்கில் பட்டு மழை மாதிரி கீழே இறங்கும். மேலிருந்து வருவதற்கு மலை என்ன, பள்ளம் என்ன? நம் தீவின் நீளமே 430 கிலோமீற்றருக்குப் பக்கம்தான், ஆகவே பகலில் பண்டாரவளைப் பள்ளத்திலிருந்து யாழ்ப்பாணத்தோடும் பேசலாம், பக்கத்து டிவிஷனோடும் பேசலாம். இரவில் அந்த அடுக்கு மெலிந்துபோகும், அப்போது 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டிவரும், கம்பியின் நீளமும் இரட்டிப்பாகும்.

கேள்வி: கொழுந்து லொறிகளை ஒழுங்குபடுத்த இந்த ரேடியோவைப் பயன்படுத்தலாமா? – வாசகர், கம்பளை

கூடாது. அமெச்சூர் அலைவரிசையில் வியாபாரம் பேச அனுமதி இல்லை.

கேள்வி: நான் ஏ.எல். மாணவி. மோர்ஸ் (எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் முறை) தெரியாமல் ஹாம் ஆக முடியாது என்று ஒரு அண்ணன் சொன்னார். உண்மையா? – வாசகி, தலவாக்கலை

அண்ணன் பழைய ஆள் போலிருக்கிறது. 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டோடு மோர்ஸ் என்ற சர்வதேசக் கட்டாயம் போய்விட்டது, வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம். இங்கே பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பொறுப்பு, எந்தத் தரத்துக்கு என்ன பாடம் என்று அவர்களிடமே கேளுங்கள். மின்சுற்றும் அலையும் நீங்கள் பௌதிகவியலில் படிப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. அனுமதிப்பத்திரம் வரும்வரை பேசும் கருவி எதையும் ஒன்லைனில் வாங்கிவிடாதீர்கள், சுங்கத்தில் மாட்டும்.

மோர்ஸை வேண்டாம் என்று தள்ளிவிடவும் வேண்டாம், தங்கச்சி. குரல் கேட்காத இரைச்சலிலும் அந்தக் கட்டுக்கட சத்தம் கேட்கும்.

கேள்வி: அனர்த்தக் காலத்தில் ஹாம்கள் உதவினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, நிஜமாகவே நடந்ததா? – வாசகர், பதுளை

நடந்தது. 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டைக்குப் போன ஹாம்கள் அங்கிருந்து குறுஅலையில் கொழும்போடு பேசினார்கள். அதே சமயம் அந்தமானில் பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம், தொலைதூர நாடுகளோடு பேசும் நிலையம் நடத்துவதற்காக போர்ட் பிளேயரில் ஏற்கெனவே கருவியோடு இருந்தார், பொழுதுபோக்கு நிலையம் ஒரே நாளில் அவசர நிலையமாக மாறிவிட்டது.

ஆனால் ரேடியோ மண்சரிவை முன்கூட்டிச் சொல்லாது. அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தோம், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்தில் வீதியும் கரண்டும் தொலைபேசியும் சேர்ந்து போனதையும் பார்த்தோம். வீதியும் போனும் அறுந்த தோட்டத்திலிருந்து இத்தனை பேர் இருக்கிறோம், இன்ன மருந்து வேண்டும் என்று வெளியே சொல்லத்தான் ஹாம் தேவை. அதை அலமாரியில் ரேடியோவைப் பூட்டி வைத்திருப்பவரால் செய்ய முடியாது. வாராவாரம் நெட்டுக்கு வருகிறவரால் முடியும்.

கேள்வி: பள்ளிக்கூடச் சாரணர்களுக்குக் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா? – ஆசிரியர், நுவரெலியா

ஒக்டோபர் மூன்றாவது வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானொலி வழியாகச் சந்திக்கும் 'ஜோட்டா' நடக்கும், 1958இலிருந்து நடக்கிறது. கழகத்தாரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லுங்கள்.

பிள்ளைகள் வாய்பிளக்க வேண்டுமானால் சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்க வையுங்கள். அதிலிருக்கும் அமெச்சூர் ரிப்பீட்டர் 437.800 மெகாஹேர்ட்ஸில் பேசும், ஒரு தடவை கடந்துபோக பத்து நிமிடத்துக்குள்தான். மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகம் என்பதால் நெருங்கும்போது அலைவரிசை கொஞ்சம் கூடியும் விலகும்போது குறைந்தும் வரும், டொப்ளர் பாடத்தை அன்றைக்கே முடித்துவிடலாம். சுற்றிலும் மலை என்பதால் தாழ்வாகப் போகும் நாட்களை விட்டுவிட்டு, தலைக்கு மேலே வரும் நேரத்தைப் பாருங்கள். 2019இல் போன நம் ராவணா-1 செயற்கைக்கோளும் அமெச்சூர் அலைவரிசையில்தான் பேசியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும், சேர். ஒக்டோபரில் நம் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு இடி தொடங்கிவிடும். ஜோட்டா நிலையத்தைக் காலையில் நடத்துங்கள், தூரத்தில் முதல் முழக்கம் கேட்டதுமே அன்டெனா வயரைக் கழற்றி யன்னலுக்கு வெளியே போட்டுவிட்டுப் பிள்ளைகளை மேசையிலிருந்து எழுப்பிவிடுங்கள்.