பந்தியில் உட்கார்ந்தேன், எழத்தான் முடியவில்லை!

கேள்வி: எனக்கு 68 வயது. தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். பத்து வருடமாக எடை 64 கிலோவைத் தாண்டியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. சர்க்கரை, மூட்டு வலி எதுவும் கிடையாது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் தரைப் பந்தி. சாப்பிட்டுவிட்டு எழ முடியாமல், பக்கத்து இலைக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். கூச்சமாகப் போய்விட்டது. இதற்கு டானிக் ஏதாவது உண்டா? - வாசகர், கும்பகோணம்

பதில்: டானிக் இல்லை ஐயா. பீரோவில் பத்து வருடத்துக்கு முந்தைய பேன்ட் இருந்தால் எடுத்துப் போட்டுப் பாருங்கள். இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும், தொடையில் தொளதொளக்கும். தசை கரைந்த அளவுக்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும். எடை மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வயதோடு வரும் இந்தத் தசை இழப்புக்கு ‘ஸார்கோபீனியா’ என்று பெயர். 1989-ல் இர்வின் ரோஸன்பர்க் வைத்தது; கிரேக்கத்தில் ‘சதைக் குறைவு’ என்று பொருள். என்னைக் கேட்டால் பாதிப் பொருத்தமான பெயர்தான். ஏனென்றால் சதையைவிடப் பலம் வேகமாகப் போகிறது. எழுபதுகளில் இருந்தவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கால் தசை வருடத்துக்கு 1 சதவீத அளவில் குறைய, பலம் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் இறங்கியது.

காரணம் தசையில் மட்டும் இல்லை. தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பும் பல தசை இழைகளை ஆள்கிறது. வயதாக ஆக அந்த நரம்புகளில் சில செத்துப்போகும். அநாதையான இழைகளில் கொஞ்சத்தைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், மற்றவை வாடிவிடும். இதில் அதிகம் அடிபடுவது வேக இழைகள். தரையிலிருந்து எழ, பஸ் படியில் ஏற, தடுக்கினால் சட்டென்று காலை ஊன்ற அவைதான் வேண்டும். சமதரையில் நடப்பதற்கு மெது இழைகளே போதும். உங்கள் நாற்பது நிமிடம் இதயத்துக்கு நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் தொடைக்கு அது வேலையே இல்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக பிசியோதெரபி செய்பவள் நான். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, “அசையாமல் படும்மா” என்று பத்து நாள் படுக்க வைத்ததும் நான்தான். காய்ச்சல் விட்டது. கோலம் போடக் குந்தியவரால் எழ முடியவில்லை. ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்தபோது, கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் தசை கரைந்த ஆய்வு உண்டு. படித்திருந்தும் கோட்டைவிட்டேன்.

சரி, மீட்க முடியுமா? 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் கனமான எடையைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேருக்குப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் கூடியதோ 9 சதவீதம்தான். இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க நரம்பு கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் தொடை இன்னும் பெருக்கவில்லையே என்று டேப் வைத்து அளக்காதீர்கள்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசியர்களுக்கான அளவுகோல். அப்புறம் அதையே பயிற்சியாக்குங்கள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டு முறை வீதம் மூன்று சுற்று. மூச்சைப் பிடிக்காமல், உட்காரும்போது மெதுவாக. எட்டாவது முறை சிரமமாக இல்லையென்றால் இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அம்மா இரண்டரை மாதத்தில் மறுபடி வாசலில் குந்திவிட்டார், புள்ளி மட்டும் குறைத்துக்கொண்டார்.

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது, 50 கிலோ. காலையில் கஞ்சி, ராத்திரி இரண்டு இட்லி. புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா? - வாசகி, தேனி

பதில்: முதலில் தட்டைப் பாருங்கள். அவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம் தேறினால் அதிகம். காலையில் ஒரு முட்டை வைத்தால் 6 கிராம். சாப்பிடமாட்டார் என்றால் சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர். கூடவே மேலே சொன்ன நாற்காலியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும்.