பானை மேல் நின்று சுற்றுவது

அன்புள்ள ஐயா,

சிறுவயதில் சிலம்பம் கற்றதாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். என் மகனுக்கு 10 வயது. மூன்று வருடமாகச் சிலம்பம் கற்கிறான். வீட்டில் 23 பதக்கங்கள் தொங்குகின்றன. போன வருடம் மண்பானை மேல் நின்று ஒரு மணி நேரம் விடாமல் கம்பு சுற்றி உலக சாதனைச் சான்றிதழ் வாங்கினான். இந்தக் கோடையில் ஆணிப்பலகை மேல் மூன்று மணி நேரம் சுற்றலாம் என்கிறார் மாஸ்டர். பதிவுக் கட்டணம் தனி. என் மனைவி வேண்டாம் என்கிறாள். உங்கள் கருத்து?

கு., ராஜபாளையம்

அன்புள்ள கு.,

நான் உங்கள் மனைவி கட்சி.

ஒரு மணி நேரம் கம்பு விழாமல் சுற்றுகிற பையனிடம் நல்ல மணிக்கட்டும் அதைவிட நல்ல பிடிவாதமும் இருக்கின்றன. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பானை மேல் நிற்பவனுக்குக் கால் நகராது. சிலம்பத்தில் பாதிக்கு மேல் காலடிதான். எங்கள் வாத்தியார் முதல் இரண்டு மாதம் கம்பைக் கண்ணிலேயே காட்டவில்லை. திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்னே வை, பின்னே வை, திரும்பு என்று உயிரை எடுப்பார். ஒருவழியாகக் கம்பு கைக்கு வந்தது. நெற்றி உயரத்துக்கு இருக்கிறதா என்று நிறுத்திப் பார்த்துத்தான் கொடுத்தார். வீட்டு முற்றத்தில் நான் சுற்றினால் காற்று கிழியும். அப்புறம் ஒருநாள் எதிரே இன்னொரு பையனை நிறுத்தினார். அவ்வளவுதான், அத்தனை வீச்சும் மறந்துபோய் முழங்கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். கம்பைப் பார்க்காதே, அவன் தோளைப் பாருடா என்றார். அதுதான் என் முதல் பாடம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த 23 பதக்கங்களில் தொடுமுறையில், அதாவது எதிரே நிற்பவனைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டத்தில், வாங்கியவை எத்தனை? ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள் என்று தனித்திறமைப் பிரிவுகளிலேயே எல்லாம் வந்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து மூன்று பேருக்குப் பதக்கம் போட்டு அனுப்புகிற போட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். நாலாவது குழந்தையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

ஆணிப்பலகைக்கு வருகிறேன். ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்தால் வளரும் எலும்பின் நுனி பாதிக்கப்படலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் மணிக்கட்டில் மருத்துவர்கள் நன்றாக அறிந்த பிரச்சினை இது. பத்து வயதில் மூன்று மணி நேரம் எதற்கு?

எதிர்காலம் என்று மாஸ்டர் சொல்லியிருப்பார். அது உண்மைதான். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3% ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். ஆனால் ஒதுக்கீட்டுக்குச் செல்லுபடியாவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ். பானைச் சான்றிதழைக் கூடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இவன் எடையில் ஒரு பையனை எதிரே நிறுத்தச் சொல்லுங்கள். முதல் சில தடவை நன்றாக வாங்குவான், நீங்கள் உள்ளே புகுந்துவிடாதீர்கள். மறுநாள் காலை தானாக எழுந்து கம்பைத் தேடுகிறானா என்று மட்டும் பாருங்கள். பதிவுக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள். முழங்கைக்கும் சேர்த்து.