வெந்நீர் எங்கே போகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டு இருபது நாள் ஆகிறது. சாயங்காலம் கை வைக்க முடியாத சூடு. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிக்கப் போனால் வெதுவெதுப்புகூட இல்லை. போட்டவரைக் கேட்டால், "மார்கழிப் பனி, அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார். ராத்திரி பாத்திரம் கழுவும்போது அடுப்படிப் பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வருகிறது. இதுவரை கண்ட பலன் அது ஒன்றுதான். (வாசகி, வலங்கைமான்)

பதில்: கடைசி வரியை ஏதோ உபரி லாபம் மாதிரி எழுதியிருக்கிறீர்களே அம்மா, நீங்கள் குளிக்க வேண்டிய தண்ணீர்தான் அது!

பனி பாவம், அதை விட்டுவிடுங்கள். சோலார் தொட்டியைச் சுற்றிச் சூடு வெளியேறாமல் தடுக்கும் பஃப் என்ற நுரை அடைத்திருக்கிறது. ராத்திரி முழுக்கப் பனி பெய்தாலும் சில டிகிரிதான் இறங்கும். சாயங்காலம் கொதிக்கிறதென்றால் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி டியூபும் வெயிலும் ஒழுங்காக வேலை பார்க்கின்றன. கோளாறு குழாயில். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாயில் 'டீ' போட்டு, ஒரு கிளையை சோலாருக்கும் மற்றதை வீட்டுக்கும் கொடுத்திருப்பார்கள். பத்தடி பைப் மிச்சம். மேல்தொட்டி நிறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ராத்திரி அது காலியானதும், கீழே யார் குழாயைத் திறந்தாலும் சோலார் தொட்டித் தண்ணீர் வந்த வழியே திரும்பி இறங்கும். விடியற்காலை குளிக்கும் முன் மோட்டார் போட்டால் அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சோலாருக்கு மேல்தொட்டியில் தனி ஓட்டை, தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். போட்டவர், 'நான்-ரிட்டர்ன்' வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) போதும் என்பார். போதும்தான், அம்புக்குறி சோலாரைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் போர் தண்ணீரில் மணல் வந்து அந்த வால்வின் நாக்கில் சிக்கினால் மறுபடி இதே கதை. என் ஓட்டு தனிக் குழாய்க்கு.

அதற்குப் பிறகும் சூடு குறைந்தால் குளியலறையைப் பாருங்கள். மிக்சரில் இரண்டு குமிழையும் திறந்துவைத்து, கை ஷவரின் விசையை மட்டும் மூடிவிட்டு வருகிற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். உள்ளே வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்தபடி இருக்கும்.

கேள்வி: பொங்கலுக்கு முன்பு டியூப் மாடல் சோலார் ஹீட்டர் போடப் போகிறோம். ஆட்கள் வரும் அன்று பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், திருவையாறு)

பதில்: அவர்கள் வருவதற்கு முன்பே தென்னை மரத்தைக் கவனியுங்கள். நம் பக்கம் சித்திரையில் நடுப்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும், நிழலே இராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து, நடுப்பகலில்கூட சுமார் 56 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மாடியைவிட 30 அடி உயர்ந்த தென்னை அப்போது வடக்கே 20 அடி நிழல் போடும். வெந்நீர் வேண்டியதும் அந்த மாதத்தில்தான். நாளைக்கே காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு மாடியேறி, நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அந்த வட்டங்களுக்கு வெளியே, டியூப் தெற்கே பார்த்து.

அப்புறம் உயரம். மேல்தொட்டியின் அடிப்பாகம் சோலார் தொட்டியின் தலைக்கு ஓரடியாவது மேலே இருக்க வேண்டும். ஏர் வென்ட் குழாய் மேல்தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி நிற்க வேண்டும். பல்லி விழும் என்று அதன் வாயில் மூடி போட்டுவிடுவார்கள். கூடாது; தொட்டி மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான். கைத்தடி மாதிரி வளைத்துவிட்டால் பல்லியும் விழாது.

இனி முதல் தண்ணீர். கும்பகோணத்தில் என் முதல் சோலார் வேலை. டியூப்களை மாட்டி முடித்ததும் பசி, சாப்பிடப் போய்விட்டேன். ஒன்றரை மணிக்கு வந்து வால்வைத் திறந்தேன். தண்ணீர் இறங்கும் சத்தம், உடனே 'டிக்', இன்னொரு 'டிக்', இன்னொன்று. மூன்று டியூப் போச்சு, என் கூலியும் அதோடு போச்சு. வெயிலில் கிடக்கும் வெறும் டியூபின் உள்பக்கம் 200 டிகிரியைத் தொடும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி தாங்காது. ஆகவே சாக்கோ தார்ப்பாயோ போட்டு மூடி மாட்டச் சொல்லுங்கள், தண்ணீரை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்து டியூப் ஆறிய பிறகோ விடச் சொல்லுங்கள். மாட்டும்போது ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகித்தான் நுழைக்க வேண்டும். குத்தித் தள்ளுகிற ஆளைப் பார்த்தால் நிறுத்துங்கள்.

நிரம்பியதும் கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்து, துப்பித் துப்பி வருவது நின்று சீராக ஓடும்வரை விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும். ஒவ்வொரு டியூபின் கழுத்தடியிலும் பழைய பேப்பரை வைத்து ஒற்றினால் கசிவு தெரிந்துவிடும். அன்று முழுக்க யாரும் வெந்நீரைத் தொடக் கூடாது. மறுநாள் காலையில்கூட முதலில் பச்சைத் தண்ணீர்தான் வரும், பயப்படாதீர்கள். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு லிட்டர் நிற்கும். இருபது மீட்டர் என்றால் அரை வாளி. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. சோலார் போடலாமா? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: போடலாம், ஸ்டீல் தொட்டி வேண்டாம். சூடான உப்புத் தண்ணீர் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டி வாங்குங்கள். ஸ்டாண்டைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டுப் போக விடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால்களைத் தளத்தில் போல்ட் அடித்து இறுக்கச் சொல்லுங்கள், ஓட்டை வழியே மழைத் தண்ணீர் இறங்காதபடி மேலே பூசவும் சொல்லுங்கள். தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.