தேனீ, மீன்கொத்தி, டோரா: திருகோணமலையிலிருந்து சில கேள்விகள்

டோரா என்பது சிங்களப் பெயரா? (உப்புவெளி வாசகர்)

இல்லை, எபிரேயம். 'துவோரா' என்றால் தேனீ. 1980களில் இஸ்ரேலில் இருந்து இலங்கைக் கடற்படைக்கு வந்த அதிவேகத் தாக்குதல் படகின் பெயர் அது. நம் வாயில் டோரா ஆனது. அப்புறம் வந்த சூப்பர் டோரா, சால்டாக், கொழும்பில் கட்டியவை எல்லாமே நமக்கு டோராதான். எந்தத் தையல் மெஷினையும் சிங்கர் என்கிறோமே, அதுபோல. சால்டாக்கும் எபிரேயம்தான், மீன்கொத்தி என்று பொருள். எனக்குப் பிடித்த பெயர் அதுதான்.

1995 ஏப்ரல் 19 இல் புலிகளின் தாக்குதலில் நம் துறைமுகத்தில் மூழ்கிய இரண்டு கடற்படைப் படகுகளும் டோராவா?

அல்ல. சூரய, ரணசுரு இரண்டும் சீனாவின் ஷாங்காய் வகைப் பீரங்கிப் படகுகள். நீளம் கிட்டத்தட்ட 39 மீற்றர், டோராவை விட நன்றாகப் பெரியவை. நங்கூரமிட்டு நின்றபோதுதான் அடிபட்டன. நிற்கிற படகுக்கு வேகம் எந்த உதவியும் செய்யாது.

டோரா வேகமெடுத்ததும் அதன் முன்பக்கம் ஏன் தூக்குகிறது?

குளத்தில் சில்லோடு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதே சங்கதி. மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைப் பிளக்க வேண்டும். வேகம் கூடினால் அடித்தளத்தைத் தண்ணீரே மேலே தள்ளும். நனைகிற பரப்புக் குறையும், இழுவையும் குறையும். அதனால்தான் உடல் எடை குறைந்த அலுமினியத்தில். 45 நொட் என்றால் மணிக்கு 83 கிலோமீற்றர். ஆனால் அந்த நிலைக்கு ஏற்றிவிடவே இரண்டு பெரிய டீசல் என்ஜின்கள் வேண்டும். எண்ணெய் குடிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மகாவலி முகத்துவாரத்தில் ஆழமே இல்லை. அங்கே எப்படி ஓடும்? (மூதூர்)

சால்டாக்கில் வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியில் உள்ள துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி அடிக்கும். பீச்சும் வாயைத் திருப்பினால் படகு திரும்பும். மூடி ஒன்றை இறக்கிப் பீச்சலை முன்பக்கம் மடக்கினால் பின்னால் போகும். சுக்கான் தேவையில்லை. ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டிய ஆழமே அதற்குப் போதும். வலை சுற்றும் தொல்லையும் குறைவு. ஆனால் பொலித்தீன் பை ஒன்று உள்ளே போனால் போச்சு. வெளிவிசிறி என்றால் குனிந்து அறுத்துவிடலாம்.

ஏவுகணை இருக்குமா?

டோராவில் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கிகளும்தான். ஏவுகணைக் கப்பல்கள் நந்திமித்ர, சூரநிமல. 2000 இல் வந்தவை, இனமே வேறு.

வாடைக் காலத்தில் ஓடுமா?

ஓடும், ஆனால் வேகத்தைக் குறைத்துத்தான். அலை உச்சியிலிருந்து விழும் ஒவ்வொரு அடியும் ஆட்களின் முள்ளந்தண்டில் இறங்கும். மார்கழியில் நம் மீனவர்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுகிறார்கள் அல்லவா? கடற்படைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.